ஃப்ரெடி மெர்க்குரி படம்: நான் அழுதது எதுக்கு?

ஒத்தையடிப்பாதை

குயீன் ராக் குழுவோட பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பத்தின படம் 'போஹிமியன் ராப்சடி' 2018-ல வந்தப்போ ஊரே கொண்டாடுச்சு, நான் பார்க்கல. போன வாரம்தான் பார்த்தேன். ராத்திரி, தனியா, ஹெட்போன் மாட்டிக்கிட்டு.

கடைசி கால் மணி நேரம் லண்டன் வெம்ப்ளி மைதானத்து மேடை, 'லைவ் எய்ட்'ங்கிற நிதி திரட்டுற கச்சேரி. பியானோ மேல பெப்சி கப்பும் பியர் கப்பும் வரிசையா நிக்குது. வெள்ளை பனியன், வலது கையில குமிழ் வெச்ச பட்டை, பாதியா ஒடிஞ்ச மாதிரி ஒரு மைக் ஸ்டாண்டு. "ஏஏஏ... ஓ"ன்னு அவர் இழுக்க, மைதானமே திருப்பிச் சொல்லுது. எனக்கு கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. காரணம் பாட்டு மட்டும் இல்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஒத்திகையில கூட்டாளிங்ககிட்ட "எனக்கு எய்ட்ஸ்"னு சொல்றார். சாகப்போறோம்னு தெரிஞ்ச மனுஷன் பாடுறான்னு நெனச்சுத்தான் அழுதேன்.

மறுநாள் தேடிப் படிச்சா, லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13. அவருக்கு நோய் உறுதியானது 1987. அதாவது அந்த மேடையில நின்னப்போ அவருக்கு அப்படி எதுவும் தெரியாது!

அப்போ நான் அழுதது எதுக்கு? உங்க யாருக்காவது இப்படி ஆச்சா?

மிளகாய்ப்பொடி

சினிமாவுல அழுததுக்கு ரசீது கேக்குற முதல் ஆள் நீங்கதான்.

பழைய கேசட்டு

ரசீது கேட்டது சரிதான். தேதி ஒன்று மட்டும் மாறியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். படத்தின் கடைசி முக்கால் மணி நேரமே தலைகீழ்.

படத்தில் ஃப்ரெடி தனி ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று குயீன் உடைகிறது. வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மன்னிப்பு, பிறகு வெம்ப்ளி. நடந்தது என்ன? டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டுவிட்டார். கிதார் கலைஞர் பிரையன் மே, 1983-ல் நண்பர்களோடு ஒன்று வெளியிட்டார். ஃப்ரெடியின் 'மிஸ்டர் பேட் கை' வந்ததே 1985 ஏப்ரலில்தான். குழு உடையவே இல்லை. 1984-ல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம், அதை ஒட்டி நீண்ட பயணம், 1985 ஜனவரியில் 'ராக் இன் ரியோ', மே மாதம் ஜப்பான். ஜப்பானில் கடைசிக் கச்சேரி முடிந்து இரண்டே மாதத்தில் வெம்ப்ளி. கை சூடு ஆறாமல் மேடை ஏறியவர்களை, துருப்பிடித்துக் கிடந்தவர்களாகக் காட்டுகிறது படம்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், உண்மையில் அன்று அவர்கள் ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் ஷா தியேட்டரை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். ஆளுக்கு 20 நிமிடம்தான். சிலர் புதுப்பாட்டு பாடினார்கள், சிலர் இழுத்தார்கள். குயீன் மட்டும் தங்கள் பெரிய பாட்டுகளை நறுக்கிக் கோத்து ஒரே மாலையாக்கிக் கொண்டுபோனார்கள். அதுவும் பகல் வெளிச்சத்தில், மேடை விளக்கு எதுவும் உதவாத நேரத்தில், தங்களுக்காக மட்டும் டிக்கெட் வாங்காத கூட்டத்தின் முன்னால்.

இது தொழில், தம்பி. படம் அதை எடுத்துவிட்டு அங்கே நோயை வைத்துவிட்டது.

நடுநிசி

ஆரம்பிச்சாச்சா. எந்த இசைக்கலைஞன் படம் வந்தாலும் ஒரு கூட்டம் நாட்காட்டியோட உக்காந்துடும்.

ஒரு வாழ்க்கையை 134 நிமிஷத்துல சொல்லணும். முடிச்சு எங்கேயாவது போட்டாகணும். மொசார்ட் பத்தின 'அமேடியஸ்' படத்தைப் பாருங்க. இன்னொரு இசையமைப்பாளரான சாலியேரி மொசார்ட்டை அழிச்சார்ங்கிறது சுத்தப் பொய். நிஜத்துல மொசார்ட் செத்தப்புறம் அவரோட சின்ன மகனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்கள்ல சாலியேரியும் ஒருத்தர்! மொசார்ட்டோட 'ரெக்வியம்'ங்கிற அந்த இரங்கல் இசையை எழுதச் சொல்லி ரகசியமா ஆள் அனுப்பினது வால்செக்ங்கிற ஒரு பிரபு. அதெல்லாம் தெரிஞ்சும் 8 ஆஸ்கர் கொடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் தலையில வெச்சுக் கொண்டாடுறோம். அவனுக்கு ஒரு நியாயம், ஃப்ரெடிக்கு ஒரு நியாயமா?

பழைய கேசட்டு

நல்ல கேள்வி. ஒரு மணி நேரம் யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

'அமேடியஸ்' கதையை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மனநல விடுதியில் கிடக்கும் கிழவர் ஒருவர், பாதிரியாரிடம், பொறாமையில் வெந்து சொல்கிறார். முதல் காட்சியிலேயே 'இந்த ஆள் பேச்சை நம்பாதே' என்று படமே நம் காதில் போட்டுவிடுகிறது. பொய் சொல்வது சாலியேரி, படம் இல்லை.

இங்கே அப்படி யாரும் கதை சொல்லவில்லை. மேடையை அங்குலம் பிசகாமல் கட்டியிருக்கிறார்கள். ஒத்தையடிப்பாதை சொன்ன கப்புகள் வரைக்கும் பழைய ஒளிப்பதிவைப் பார்த்து வைத்தவை. 'கப்பே சரியாக இருக்கிறது, மற்றதும் சரியாகத்தான் இருக்கும்' என்று மனசு நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

ஒத்தையடிப்பாதை

> கப்பே சரியாக இருக்கிறது, மற்றதும் சரியாகத்தான் இருக்கும்

அண்ணே, இதேதான் எனக்கு நடந்துச்சு. படம் முடிஞ்சதும் நிஜக் கச்சேரியையும் படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்ட ஒரு காணொளி பார்த்தேன். கால் எடுத்து வைக்கிறது, கேமராமேனோட சேட்டை பண்றது, எல்லாம் அச்சு. அதைப் பார்த்துட்டு 'அடேயப்பா, என்ன நேர்மையா எடுத்திருக்காங்க'ன்னு வேற நெனச்சேன்.

டெசிபல்

ஒலி வேலை பார்க்கிறவன் என்கிற முறையில் ஒன்று. ஃப்ரெடியாக நடித்த ராமி மாலிக்கே பாடினார் என்று யாராவது நம்பிக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

படத்தில் கேட்பது பெரும்பாலும் ஃப்ரெடியின் சொந்தக் குரல், பழைய பதிவுகளிலிருந்து. பதிவு இல்லாத இடங்களில் (வீட்டில் முணுமுணுப்பது, பாதியில் நிறுத்துவது மாதிரி) மார்க் மார்ட்டெல் என்ற கனடாக்காரர் பாடியிருக்கிறார். கண்ணை மூடிக் கேட்டால் ஃப்ரெடி என்று சத்தியம் செய்வீர்கள், அப்படி ஒரு தொண்டை. நடுவில் கொஞ்சம் மாலிக். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்பதைக் காது பிடிக்காதபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒலிக்கலவைக்கும் ஒலித்தொகுப்புக்கும் கிடைத்த இரண்டு ஆஸ்கரையும் நான் குறை சொல்லவே மாட்டேன்.

நான் கவனித்த ஒரு இடம்: ஒரு வரி தொடங்கும் முன் மூச்சு இழுக்கும் சத்தம். பாட்டு ஃப்ரெடியுடையதாக இருந்தாலும் அந்த மூச்சு நடிகனின் நெஞ்சு ஏறி இறங்குவதோடு சேரவேண்டும். இல்லாவிட்டால் உதட்டசைவு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பொம்மலாட்டமாகத் தெரியும். மாலிக் வாயை மட்டும் அசைக்கவில்லை, படப்பிடிப்பில் தொண்டை கிழியப் பாடியிருக்கிறார். கழுத்து நரம்பைப் பாருங்கள்.

இன்னொன்று. மானேஜர் ஜிம் பீச் நைசாக ஒலிப்பலகையில் சத்தத்தை ஏற்றிவிடும் காட்சி வருமே. அன்றைக்கு குயீன் மட்டும் மற்றவர்களைவிட சத்தமாகக் கேட்டார்கள் என்று எங்கள் தொழிலில் ரொம்ப நாளாகப் பேச்சு உண்டு. ஆனால் அந்த வேலையைச் செய்தது அவர்களுடைய ஒலிப் பொறியாளர் என்றுதான் சொல்வார்கள். சினிமாவில் பெருமை மானேஜருக்குப் போய்விட்டது. எங்கள் பிழைப்பு எப்பவும் இப்படித்தான்.

மிளகாய்ப்பொடி

ஜிம் பீச் இந்தப் படத்தோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர்ங்கிறதையும் சேர்த்து சொல்லிடுங்க டெசிபல் 😄

டெசிபல்

அட ஆமாம்ல!

கரகரப்பிரியன்

மிளகாய் சொன்ன இடத்துலதான் எனக்கும் வலி. பீச் தயாரிப்பாளர். பிரையன் மே, ரோஜர் டெய்லர் ரெண்டு பேரும் இசைப் பொறுப்பு. பாட்டு உரிமை அவங்ககிட்ட. உயிரோட இருக்கிறவங்க கையில பேனா, செத்தவர் கதை. படத்துல பாருங்க, மத்த மூணு பேரும் நேரத்துக்கு வர்றாங்க, பொண்டாட்டி பிள்ளைன்னு பேசுறாங்க, பார்ட்டியில இருந்து சீக்கிரம் கிளம்புறாங்க. எழுபதுகள்ல ராக் குழுவுல இருந்தவங்களா, பஜனை மடத்துல இருந்தவங்களா?

அதைவிட, எதை விட்டாங்கன்னு பாருங்க. 1984 அக்டோபர்ல குயீன் தென்னாப்பிரிக்காவுல சன் சிட்டியில போய் வாசிச்சாங்க. இனஒதுக்கல் ஆட்சி நடந்த காலம். கலைஞர்கள் யாரும் அங்க போகக்கூடாதுன்னு புறக்கணிப்பு இருந்தது. இவங்க போனாங்க. பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது, ஐ.நா.வோட கறுப்புப் பட்டியல்ல பேர் வந்தது. கேவலப்பட்டு நின்னாங்க. அதுக்கு ஒன்பது மாசம் கழிச்சு, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நிதி திரட்டுற மேடையில வந்து நிக்கிறாங்க!

இதைவிட முடிச்சு வேணுமா நடுநிசி? நோயை ரெண்டு வருஷம் முன்னாடி இழுத்துட்டு வரவேண்டிய அவசியமே இல்ல. நிஜக் கதையிலயே ஒரு கறை இருக்கு, ஒரு மேடை இருக்கு. ஆனா அந்தக் கறை நாலு பேர் மேலயும் படியும். ஃப்ரெடி மேல மட்டும்னு நிக்காது. அதான் காணோம்.

நடுநிசி

சன் சிட்டி விஷயம் எனக்குத் தெரியாது. அது ஒரு நல்ல படமா வந்திருக்கும், ஒத்துக்கிறேன்.

ஆனாலும் ஒரு காட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிவைக் கேட்டுட்டு ஃப்ரெடி மருத்துவமனை நடைபாதையில கறுப்புக் கண்ணாடியோட வர்றார். ஓரமா உக்காந்திருக்கிற ஒரு பையன், உடம்பெல்லாம் வத்திப்போய், அவரை அடையாளம் கண்டு சன்னமா "ஏ... ஓ"ங்கிறான். இவர் ஒரு கணம் நின்னு, திரும்பி, அதே மாதிரி மெதுவா பதில் சொல்லிட்டுப் போறார். அவ்வளவுதான். மைதானம் முழுக்கக் கத்தினதைவிட அந்த ரெண்டு குரல் என்னை அடிச்சுப் போட்டுச்சு. இது நடந்ததா? நடந்திருக்காது. எனக்கு வேணும்.

மழைக்காலம்

அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். பிடித்ததாலேயே உறுத்துகிறது.

காட்சிகளின் வரிசையைப் பாருங்கள். குழுவை விட்டுப் போகிறார். மியூனிக்கில் பார்ட்டி, போதை, தவறான சகவாசம். பிறகு இருமல். பிறகு நோய். பிறகு எல்லாரிடமும் மன்னிப்பு. இப்படி அடுக்கினால் நோய் என்பது வைரஸால் வந்தது இல்லை, 'சேரக்கூடாதவர்களோடு சேர்ந்ததுக்குக் கிடைத்தது' என்று ஆகிறது. யாரும் வாயால் சொல்லவில்லை, அடுக்கு சொல்கிறது. எய்ட்ஸ் வந்தவர்களை அந்தக் காலத்தில் உலகம் பேசியதும் இதே மாதிரிதான். ஃப்ரெடியே கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1991 நவம்பர் 23 அன்று அறிக்கை, மறுநாள் மரணம்.

பால் ப்ரென்டர் என்ற உதவியாளரைப் படம் முழு வில்லனாக்குகிறது. அவர் ஃப்ரெடியின் அந்தரங்கத்தைப் பத்திரிகைக்கு விற்றது உண்மை. ஆனால் அது லைவ் எய்டுக்குப் பிறகு, 1987-ல். அவரும் 1991-லேயே எய்ட்ஸில் இறந்தார். படத்தில் இந்த வரி கிடையாது. ஒருவருக்கு வந்தால் தியாகம், இன்னொருவருக்கு வந்தால் சொல்லவே வேண்டாமா?

ஜிம் ஹட்டனுக்கும் அதே கதி. நிஜத்தில் அவர் முடிதிருத்துநர். ஒரு கிளப்பில் ஃப்ரெடி பானம் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னவர், பிற்பாடு சேர்ந்து கடைசி நாள் வரை கூடவே இருந்தவர். படத்தில் பார்ட்டியில் பரிமாற வந்தவராகி, லைவ் எய்ட் அன்று காலையில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, அப்பா அம்மா வீட்டில் டீ குடித்து, அப்பாவும் பிள்ளையும் சமாதானமாகி...

மிளகாய்ப்பொடி

...அப்படியே வெம்ப்ளிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. 72,000 பேர் கூடின நாள்ல லண்டன்ல போக்குவரத்து நெரிசலே இல்லன்னு நம்பணும். நோயைவிட இதுதான் பெரிய கற்பனை.

வெள்ளைக்கட்டை

எல்லாரும் கடைசியையே பேசுறீங்க. எனக்கு இந்தப் படத்துல பிடிச்சது நடுவுல வர்ற அந்தப் பண்ணை வீடு. வேல்ஸ்ல ராக்ஃபீல்டு ஸ்டூடியோ, 1975. 'போஹிமியன் ராப்சடி' பாட்டுல வர்ற "கலிலியோ"வை ரோஜர் டெய்லர் திரும்பத் திரும்பப் பாடுற காட்சி. இன்னும் மேல, இன்னும் மேலன்னு ஃப்ரெடி விரட்டுறார். இவர் 'இதுக்கு மேல போனா நாய்க்குத்தான் கேக்கும்'ங்கிற மாதிரி கடுப்பாகுறார். உச்சஸ்தாயி நிஜமாவே ரோஜரோடதுதான்.

ஆனா எவ்வளவு சீக்கிரம் கடந்து போயிட்டாங்க! அந்த ஓப்பரா பகுதிக்கு மட்டும் மூணு வாரம்கிட்ட உழைச்சாங்க. மூணே மூணு பேர் குரல், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அடுக்கி ஒரு பெருங்கூட்டம் பாடுற மாதிரி ஆக்கினாங்க. டேப்புல குரல் பதிய 24 தடம்தான் இருக்கு. அதனால நிரம்பினதை ஒண்ணாச் சேர்த்து வேற தடத்துக்கு மாத்தி, காலியான இடத்துல மறுபடி பாடி, மறுபடி சேர்த்து... டேப்பு தலையில உரசி உரசி, வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியுற அளவுக்குத் தேஞ்சுபோச்சுன்னு பிரையன் மே சொல்வார். தேஞ்ச டேப்பை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்கிற ஒரு ஷாட் போதும் எனக்கு. அதுக்குப் பதிலா அடுத்த காட்சியில ரே ஃபாஸ்டர்ங்கிற ரெக்கார்டு கம்பெனி அதிகாரி வந்து 'ஆறு நிமிஷப் பாட்டை ரேடியோவுல எவன் போடுவான்'னு கத்துறார். அப்படி ஒரு ஆளே கிடையாது, கற்பனை. நடிச்சது மைக் மையர்ஸ். 'வெயின்ஸ் வேர்ல்டு' படத்துல கார்ல உக்காந்து இதே பாட்டுக்குத் தலையை ஆட்டினவர். அந்த ஒரு சிரிப்புக்காக எழுதின காட்சி அது.

இசைக்கலைஞன் படம் எடுக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இசை பண்றதைக் காட்டப் பயம். பாட்டு பிறக்குறதைக் காட்டாம, பாட்டு ஹிட்டாகுறதைக் காட்டுவாங்க.

டெசிபல்

> பாட்டு பிறக்குறதைக் காட்டாம, பாட்டு ஹிட்டாகுறதைக் காட்டுவாங்க

இதை நான் திருடிக்கொள்கிறேன்.

பாப் டிலன் படம் ('எ கம்ப்ளீட் அன்னோன்') பார்த்தபோதும் ஒன்று உறுத்தியது. கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துவது நடந்தது 1966 மே மாதம், மான்செஸ்டரில். படம் அதை 1965 நியூபோர்ட் விழாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருட இடைவெளியில், மின்கிதாருக்கு மாறிவிட்டார் என்ற அதே கோபம், அதே காரணம், இடம்தான் வேறு. தவிர, டிலனாக நடித்த ஷாலமே தானே பாடி, தானே வாசித்திருக்கிறார். 'ரே' படத்தில் ஜார்ஜியா மாநிலம் ரே சார்லஸுக்குத் தடை போட்டதாகக் காட்டுவார்கள், அப்படி ஒரு தடையே இல்லை. அது வேறு வகை.

பழைய கேசட்டு

டெசிபல் தொட்ட வித்தியாசம்தான். இடம் மாறினால் எனக்கும் தூக்கம் கெடாது. எண்பதில் மீசையோடு 'வி வில் ராக் யூ'வை உருவாக்குவதாகப் படம் காட்டுகிறது. அது 1977 பாட்டு. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். (விடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.)

ஆனால் காரணத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். 'மரணம் துரத்தியதால் பாடினார்' என்பவர் ஒருவர். 'எழுபதாயிரம் பேரைப் பார்த்தாலே பாடிவிடுவார்' என்பவர் இன்னொருவர். நான் கேசட்டில் கேட்டு வளர்ந்தது இரண்டாமவரை. அன்று அந்த மேடையில் இருந்தவருக்கு 38 வயது. உடம்பில் தெம்பு, தொழிலில் கர்வம், மற்றவர்களை ஓரங்கட்டவேண்டும் என்ற குசும்பு. சோகம் துளியும் இல்லை. பழைய ஒளிப்பதிவில் அவர் முகத்தைப் பாருங்கள். திருட்டு மாங்காய் தின்ற பையன் முகம்.

நடுநிசி

திருட்டு மாங்காய் 😂 சரி, இந்த ரவுண்டு உங்களுக்கு.

ஒரே ஒரு கேள்வி. படம் 90 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. 91-ல பிறக்கவே பிறக்காத பிள்ளைங்க இன்னிக்கு ஹெட்போன்ல குயீன் கேக்குது. அதுல எத்தனை பேர் ஒத்தையடிப்பாதை மாதிரி மறுநாள் தேடிப் படிச்சிருப்பாங்க? பொய் வழியா வந்தாலும் வந்து சேர்ந்துட்டாங்க இல்லையா?

மழைக்காலம்

வந்து சேர்ந்தவர்களில் தேடாதவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மிளகாய்ப்பொடி

படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கின படம்ங்கிறதை யாரும் மறந்துடாதீங்க. மானேஜர் ஜான் ரீடை முதல்முறை சந்திக்கிற மேசைக் காட்சியைப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் கண்ணைச் சிமிட்டினா ஒரு வெட்டு, நாற்காலி அசைஞ்சா ஒரு வெட்டு. எனக்குத் தலை சுத்திடுச்சு. தொகுத்தவரே அந்தக் காட்சியை நெனச்சுப் பின்னாடி நொந்துக்கிட்டார். இயக்குநர் பிரையன் சிங்கரைப் பாதியில நீக்கி, டெக்ஸ்டர் ஃபிளெட்சர் வந்து முடிச்ச படம், தையல் தெரியத்தான் செய்யும்.

ஒத்தையடிப்பாதை

ரெண்டு நாளா வேலை, இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன்.

கேசட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு நேத்து ராத்திரி நிஜக் கச்சேரியை முழுசா பார்த்தேன், சாயங்காலம் 6:41-க்கு ஆரம்பிச்சது. மாங்காய் முகம் தெரிஞ்சுது. 'ஹாமர் டு ஃபால்' பாடும்போது கேமராமேனை வம்புக்கு இழுக்கிற இடத்துல நானே சிரிச்சுட்டேன். அழுகை வரல. படத்துல விட்டுட்ட 'கிரேஸி லிட்டில் திங்' அப்போ கிதாரை மாட்டிக்கிட்டு அவர் நிக்கிற தோரணைக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

படத்துல குயீன் பாடப் பாடத்தான் போன் மணி அடிச்சுக் காசு கொட்டுது இல்லையா? அதையும் தேடினேன். அதுக்கப்புறம் வந்த டேவிட் போவி தன் நேரத்துல ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, எத்தியோப்பியாவுல எடுத்த காணொளியைப் போடச் சொல்லியிருக்கார். அதைப் பார்த்துட்டு ஜனங்க அள்ளிக் கொடுத்திருக்காங்க.

தேடிக்கிட்டே போனதுல இன்னொண்ணு கிடைச்சுது. குயீன் முடிச்சு மூணு மணி நேரம் கழிச்சு, இருட்டினப்புறம், ஃப்ரெடியும் பிரையனும் மட்டும் திரும்ப மேடைக்கு வர்றாங்க. டிரம்ஸ் கிடையாது. ஒரு கிதார், ஒரு குரல். 'இஸ் திஸ் தி வேர்ல்டு வி கிரியேட்டட்'. படத்துல இது இல்ல. இது யாருக்காவது முன்னாடியே தெரியுமா?

பழைய கேசட்டு

தெரியும். கேட்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். ஆரம்பத்தில் ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு, கரகரவென்று சத்தம் வரும். அதை ஒதுக்கிவிட்டு ஹெட்போனில் கேளுங்கள் தம்பி.

ஒத்தையடிப்பாதை

கேட்டேன் அண்ணே. கரகரப்போடதான்.